காற்று வரும் பக்கம்: பட்டத் திருவிழா குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

பட்டத் திருவிழாவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பு இத்தனை கடிதங்களைக் கொண்டுவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள திடலில் எல்லோரும் கூடிப் பட்டம் விடும் விழா நடக்கவிருக்கிறது. காலை ஏழு மணிக்கே போய் இடம்பிடிக்க வேண்டும் என்கிறார் என் கணவர். இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை அங்கே எப்படிக் கழிப்பது?
— ஒரு தாய்

பதில்: எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதைவிட எந்தப் பக்கத்தில் பாயை விரிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம், அம்மா. திடலுக்குள் நுழைந்ததும் ஒரு பிடி புல்லைக் கிள்ளி மேலே விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பட்டம் விடுபவர்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் நூல் சரிந்து மேலேறும். விழுகிற பட்டமெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் விழும். ஆகவே நீங்கள் உட்கார வேண்டியது அவர்களுக்குப் பின்னால், அதாவது காற்று வரும் பக்கத்தில். நான் முதன்முதலாகப் போன விழாவில் எல்லாப் பட்டங்களும் தலைக்கு நேராகத் தெரிகின்றனவே என்று மகிழ்ந்து எதிர்ப்புறத்தில் பாயை விரித்தேன். அரை மணி நேரத்துக்குள் மூங்கில் சட்டமிட்ட பெட்டிப் பட்டம் ஒன்று தலைகீழாக இறங்கி, எங்கள் தண்ணீர்க் குப்பியைச் சாய்த்துவிட்டுப் பாயிலும் ஓர் ஓட்டை போட்டது. அதன் சொந்தக்காரர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். உண்மையில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அடுத்தது நேரம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் விடியற்காலையில் தரையோரக் காற்று பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடாகும்போது கீழிருக்கும் காற்று எழும்பி, மேலே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் காற்றோடு கலக்கிறது. அந்த வேகத்தில் ஒரு பங்கு கீழே இறங்கிவருகிறது. முற்பகலின் பிற்பகுதியில்தான் திடலில் காற்று உயிர்பெறும், பிற்பகலில் வலுக்கும், மாலையில் மெல்லத் தணிந்து சீராகும். ஏழு மணிக்கே போய்விட்டுப் பட்டம் ஏறவில்லையே என்று பத்து மணிக்குள் பிள்ளைகள் சலித்துப்போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். காலையில் போவதென்றால் பட்டம் கட்டக் கற்றுக்கொடுக்கும் கூடாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வால் ஒட்டுவதற்கும் குச்சி பிணைப்பதற்கும் அதுவே உகந்த வேளை. வலுத்த காற்றில் பெரிய பட்டங்கள் ஏறும் உச்சிப்பொழுதில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும். அவர்கள் தங்கள் கையால் விடுவதற்கு மாலை நான்கு மணிக்குப் பிந்தைய நேரத்தை ஒதுக்கிவையுங்கள்.

நாள் முழுவதும் அண்ணாந்து பார்ப்பதால் கழுத்து வலிக்கும். மல்லாந்து படுத்துப் பார்க்க ஒரு தலையணை கொண்டுபோவதில் வெட்கம் வேண்டாம். அகன்ற விளிம்புத் தொப்பியும், குளிர்கண்ணாடியும், நூல் பிடிப்பவருக்குக் கையுறையும் அவசியம். மற்றவை எந்தச் சுற்றுலாவுக்கும் கொண்டுபோகிறவைதாம்.

கேள்வி: போன முறை விழாவுக்கு மகனோடு போயிருந்தேன். மூச்சு வாங்க ஓடியும் எங்கள் பட்டம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி நின்ற இடத்திலேயே நின்று தம் பட்டத்தை மேகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கே தவறு செய்தேன்?
— ஒரு தந்தை

பதில்: ஓடியதுதான் தவறு. படங்களில் பட்டம் விடும் குழந்தையை ஓடுவதாகவே வரைகிறார்கள். அந்தப் படங்களை நம்பி எத்தனை பேர் கால் இடறி விழுந்திருக்கிறார்களோ! ஓடுகிறவர் முன்னால் பார்த்து ஓடுவதால் பின்னால் வரும் பட்டத்தைப் பார்ப்பதில்லை. ஓட்டம் நின்றதும் அவர் உண்டாக்கிய காற்றும் நின்றுவிடுவதால் பட்டம் தரைக்கு வந்துவிடுகிறது. மேலும், மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் பின்புறம், அவற்றின் உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு தொலைவு வரையில் காற்று சுழன்று குழம்பியே இருக்கும். திடலின் ஓரத்தில் அந்தக் குழப்பத்துக்குள் நின்றுகொண்டு எவ்வளவு ஓடினாலும் பயனில்லை. அந்தப் பாட்டி திறந்த வெளியின் நடுவில் நின்றிருப்பார் என்று ஊகிக்கிறேன்.

செய்யவேண்டியது இதுதான். நீங்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மகன் பட்டத்தை எடுத்துக்கொண்டு, காற்று போகும் பக்கமாக இருபது முப்பது மீட்டர் நடந்து போய், அதன் முகம் உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடிக்கட்டும். நூல் தொய்வில்லாமல் இருக்க வேண்டும். ஒரு நல்ல காற்று வந்து துணி புடைக்கும்போது அவன் பட்டத்தை மேலே எறியாமல், பிடியை மட்டும் விட வேண்டும்; அதே கணத்தில் நீங்கள் கைமாற்றிக் கைமாற்றி நூலை இழுத்தால் பட்டம் மேலே உள்ள சீரான காற்றைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு நூலைக் கொஞ்சம் விடுவதும், பட்டம் பின்வாங்கும்போது நிறுத்தி இழுப்பதுமாக உயரத்தைக் கூட்டலாம்.

இவ்வளவு செய்தும் ஏறாவிட்டால் முச்சையைப் பாருங்கள். பட்டத்தின் முகத்தில் இரண்டு மூன்று இடங்களில் கட்டப்பட்டு ஒரே புள்ளியில் கூடும் அந்தச் சிறு நூல்களைச் சிலர் முச்சை என்பார்கள், சிலர் சூத்திரம் என்பார்கள். பட்டம் எந்தச் சாய்வில் காற்றை எதிர்கொள்கிறது என்பதை அந்த ஒற்றைப் புள்ளி தீர்மானிக்கிறது. பட்டம் பலமாக இழுக்கிறது, ஆனால் மேலேறாமல் தாழ்வாகவே நிற்கிறது என்றால் புள்ளி கீழே இருக்கிறது. முடிச்சைத் தலைப்பக்கம் நகர்த்துங்கள். இழுவையே இல்லாமல் படபடத்துத் தலைக்குமேல் வந்து தளர்ந்து விழுகிறது என்றால் புள்ளி மேலே இருக்கிறது. வால் பக்கம் நகர்த்துங்கள். காற்று வலுக்கும்போது தலைப்பக்கம், மெலியும்போது வால் பக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நகர்த்துவது எவ்வளவு? ஒரு சாண் அகலப் பட்டத்துக்கு அரை நகக்கண் அளவே மிகுதி. ஒரு மீட்டர் பட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். விழா ஒன்றில் பழகிய கை உடைய ஒருவர், அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியின் பட்டத்தை வாங்கி, முடிச்சின் மேல் எச்சில் தொட்டு, கட்டைவிரல் நகத்தால் ஒரு தள்ளுத் தள்ளித் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தேன். அடுத்த காற்றிலேயே அது ஏறியது. அவர் செய்த மாற்றம் ஓர் அரிசியின் நீளம்கூட இருக்காது.

பட்டம் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் முச்சையின் மீது பழி போடாதீர்கள். இரு பக்கக் குச்சிகளில் ஒன்று கனமாகவோ கூடுதலாக வளைவதாகவோ இருக்கும். தட்டையான பட்டம் கரணம் அடித்துக்கொண்டே இருந்தால் வாலை நீட்டுங்கள். பட்டத்தின் நீளத்தைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு வரை வால் இருக்கலாம். பட்டம் தலைகுப்புறப் பாயும்போது இழுக்காதீர்கள், நூலைத் தளரவிடுங்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இழுத்தால் பாய்ச்சல் வேகமெடுக்கும். தளர்த்தினால் பட்டம் தன் வேகத்தை இழந்து மிதந்து நிமிரும். இது கைக்குப் பழக ஒரு முழு நாள் பிடிக்கும், ஏனென்றால் பயந்த கை தானாகவே இழுக்கத்தான் பார்க்கும்.

கேள்வி: என் பட்டம் அரை கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது என்று என் மருமகன் சத்தியம் செய்கிறார். நூற்கண்டில் இருந்ததோ முந்நூறு மீட்டர். விழாவில் பட்டத்தின் உயரத்தைக் கணக்கிடவும், பறக்கவிட ஏற்ற காற்றை அறியவும் எளிய வழிகள் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நூல் தரையோடு 30 பாகைக் கோணத்தில் இருந்தால் உயரம் நூல் நீளத்தில் பாதி. 45 பாகையில் பத்தில் ஏழு பங்கு. 60 பாகையில் பத்தில் எட்டரைப் பங்குக்குச் சற்று மேல். நூல் தன் எடையாலும் காற்றின் உந்துதலாலும் தொய்ந்து வளைவதால் உண்மையான உயரம் இதைவிடவும் குறைவு. முந்நூறு மீட்டர் நூலில் நல்ல பட்டம் ஏறக்கூடியது இருநூறு, இருநூற்று ஐம்பது மீட்டர். மருமகனிடம் இதை விருந்து முடிந்த பிறகு சொல்லுங்கள். உயரத்துக்கு ஆசைப்படுகிறவருக்கு ஒரு செய்தி: 1919 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஜெர்மனியின் லின்டென்பெர்க் வானிலை ஆய்வுக்கூடத்தில் எட்டுப் பட்டங்களை ஒரே கம்பியில் தொடராகக் கட்டி 9,740 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். ஒற்றைப் பட்டம் 4,800 மீட்டரைத் தாண்டியது 2014இல், ஆஸ்திரேலியாவில்.

காற்றை அறியக் கருவி வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுகோல், பிற்காலத்தில் தரைக்கும் பொருந்தும்படி விரிக்கப்பட்டது. பட்டக்காரர்கள் இன்றும் அதையே நம்புகிறார்கள். முகத்தில் காற்று பட்டு இலைகள் சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலேசான பட்டங்களுக்கு இதுவே போதும். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து, கொடி விரிந்து பறந்தால் 12 முதல் 19. திருவிழாவுக்கென்றே அமைந்த காற்று. புழுதியும் காகிதத் துண்டுகளும் எழும்பினால் 20 முதல் 28; பழகியவர்களுக்கு மட்டும். சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் பிள்ளைகளின் பட்டத்தை இறக்கிவிடுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் பட்டத்தின் மீதான விசை நான்கு மடங்காகும் என்பது தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 12இலிருந்து 24க்குக் காற்று மாறும்போது நூலைப் பிடித்திருக்கும் எட்டு வயதுக் கைக்கு அது தெரியாது.

கேள்வி: கூட்டமான திடலில் என் நூலின் குறுக்கே வேறொருவருடைய நூல் வந்து சிக்கி, இரண்டு பட்டங்களுமே போய்விட்டன. யார்மீது குற்றம் என்று இருவரும் வெகுநேரம் வாதிட்டோம். இதற்கு ஏதேனும் முறைமை உண்டா?
— ஒரு வாசகர்

பதில்: உண்டு. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் பட்டத்துக்கு வழிவிட்டு, புதிதாக ஏற்றுகிறவர்தான் இடம் பார்த்து நிற்க வேண்டும். ஆனால் சிக்கிய பிறகு குற்றம் யாருடையது என்பதைவிட முதல் பத்து விநாடிகளில் யார் என்ன செய்தார் என்பதே பட்டங்களின் கதியைத் தீர்மானிக்கிறது. இருவரும் இழுத்திருப்பீர்கள். ஒரு நூல் நகராமல் நிற்க, மற்றொன்று அதன் ஒரே புள்ளியில் உராய்ந்து ஓடினால், அந்தப் புள்ளி சூடேறி உருகி அறும். செயற்கை இழைகளுக்கெல்லாம் இந்தப் பலவீனம் உண்டு. எஃகை மிஞ்சும் வலுவுடையது என்று புகழப்படும் டைனீமா நூலும் ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால், இந்த உராய்வில் அது முதலில் தோற்கும்.

சிக்கியதும் இழுப்பதையும் விடுவதையும் நிறுத்திவிட்டு, கண்டைக் கையில் பிடித்தபடியே ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வாருங்கள். அருகருகே வந்ததும் நூல்கள் எந்தத் திசையில் எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். ஒருவர் நின்றுகொள்ள, மற்றவர் அதற்கு எதிர்த்திசையில் அவரைச் சுற்றி வந்தால் போதும், பெரும்பாலும் பிரிந்துவிடும். இப்படிச் சுற்றிவந்து அறிமுகமான சிலர் இன்றும் என் நண்பர்கள்.

கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலைப் பற்றியும் இரு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஊரார் கூடிப் பிள்ளைகள் ஓடும் திடலுக்கு அதைக் கொண்டுவருவதற்கு எந்த நியாயமும் கிடையாது. அறுந்து தெருவின் குறுக்கே தொங்கும் அந்த நூல் இருசக்கர வண்டியில் வருகிறவரின் கழுத்தை அறுக்கும், பறவையின் சிறகை அறுக்கும். வீரவிளையாட்டு என்ற பெயரால் இதற்கு வக்காலத்து வாங்கும் கடிதங்களை நான் வெளியிடப்போவதில்லை.

கேள்வி: வானத்தில் திமிங்கிலம் மாதிரி ஒரு பட்டம் பார்த்தேன். அதில் குச்சியே இல்லையாமே? அது எப்படிப் பறக்கும்? அது என்னைத் தூக்குமா?
— நான்காம் வகுப்பு மாணவன்

பதில்: தம்பி, அந்தத் திமிங்கிலத்துக்கு எலும்பு இல்லை, வயிறு நிறையக் காற்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் வாய் போன்ற திறப்பு இருக்கும். அதன் வழியே நுழையும் காற்றே துணியை விறைப்பாக வைத்திருக்கும். டோமினா ஜால்பெர்ட் என்பவர் 1964இல் இந்த முறையில், குச்சி இல்லாமல் சிறகு வடிவத்தில் விரியும் பட்டத்தை உருவாக்கினார். திமிங்கிலத்தின் நூலைக் கவனித்துப் பார். பல சமயம் உண்மையில் தூக்குவது அதற்கு மேலே பறக்கும் வேறொரு சிறகுப் பட்டம், திமிங்கிலம் அந்த நூலில் தொங்கிக்கொண்டு வாலை ஆட்டும்.

உன்னைத் தூக்குமா என்றால், தூக்கும். அதனால்தான் அதன் அருகே போகக் கூடாது. லாரன்ஸ் ஹார்கிரேவ் என்ற பெரியவர் 1894 நவம்பர் 12 அன்று ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் நான்கு பெட்டிப் பட்டங்களைத் தொடராகக் கட்டி, அவற்றின் கீழே ஓர் இருக்கையில் உட்கார்ந்து, ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரம் எழும்பினார். கயிற்றின் அடிமுனையை மணல்மூட்டைகளில் கட்டிவைத்திருந்த கவனமான மனிதர் அவர். விழாவில் பெரிய பட்டங்களைக் கட்டிவைத்திருக்கும் கயிற்றைத் தொடாதே, அதைத் தாண்டாதே, அதன் அடியில் நிற்காதே. திடீரென்று காற்று வலுத்தால் தொய்ந்து கிடக்கும் கயிறு கண்ணிமைக்கும் நேரத்தில் விறைத்து எழும்.

உன் பட்டத்தின் நூல் அறுந்துபோனது என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறாய். ஹோமன் வால்ஷ் என்ற சிறுவனுக்கும் அறுந்தது. நயாகரா ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்கு பாலம் கட்ட 1848இல் முதல் நூலை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவன் பட்டம் விட்டான், நூல் அறுந்தது, பட்டத்தை மீட்டுச் சரிசெய்து மறுபடியும் விட்டான். இம்முறை அக்கரை சேர்ந்தது. அந்த நூலில் அதைவிடத் தடித்த கயிற்றைக் கட்டி இழுத்தார்கள், அதில் இன்னும் தடித்த கயிறு, கடைசியில் இரும்புக் கம்பி. ஒரு பட்டநூலில் தொடங்கிய பாலம் அது.

இன்னொன்று, இதை உன் வீட்டாரும் படிக்கட்டும்: மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை யாரும் எடுக்கக் கூடாது, இடி முழங்கினால் உடனே பட்டத்தை விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1752இல் இடிமேகத்தில் பட்டம் விட்ட கதை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அடுத்த ஆண்டே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இடிமின்னலை ஆராய்ந்த ரிச்மான் என்ற பேராசிரியர் மின்னல் தாக்கி இறந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் வைத்திருந்தது பட்டம்கூட அன்று, வீட்டுக் கூரையில் நட்ட உலோகக் கம்பி.

கேள்வி: என் தந்தைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பார்வை போய்விட்டது. இளமையில் பட்டப் பித்தராக இருந்தவர். விழாவுக்கு அழைத்தால், 'பார்க்க முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை' என்கிறார். அவரை அழைத்துப் போவது அவரைத் துன்புறுத்துவதாகுமா?
— ஒரு மகள்

பதில்: வேடிக்கை பார்க்க அழைத்தால் துன்பம்தான், அம்மா. பட்டம் விட அழையுங்கள். பழகிய கைக்காரர்கள் பட்டத்தைக் கண்ணால் பார்த்து விடுவதைவிட விரலால் கேட்டு விடுவதே அதிகம். மேலே காற்று வலுப்பதும், பட்டம் தலையசைப்பதும், நூல் தொய்வதும் கண்ணுக்குப் புலப்படும் முன்பே சுட்டுவிரலில் தெரிந்துவிடும். அவருக்கு வாலில்லாத முக்கோணப் பட்டம் ஒன்று வாங்குங்கள்; அது கரணம் அடிக்காமல் நிலையாக நின்று சீராக இழுக்கும். முடிந்தால் விண் கட்டிய பட்டமாகவே பாருங்கள். வில்லாக வளைத்த குச்சியில் மெல்லிய நாடாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். காற்றில் அது அதிர்ந்து இடைவிடாமல் ரீங்கரிக்கும். காற்றின் வேகம் மாறும்போதெல்லாம் அந்த ஒலியும் மாறுவதால், பட்டம் எங்கே, எப்படி நிற்கிறது என்பது அவருக்குக் காது வழியாகவும் எட்டும்.

கூட்டம் கலையத் தொடங்கும் மாலை நேரமாகப் பார்த்து, திடலின் நடுவில், காற்று வரும் பக்கம் முதுகு இருக்கும்படி அவரை ஒரு நாற்காலியில் அமர்த்துங்கள். பட்டத்தை ஏற்றியது நீங்களாக இருந்தாலும் கண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். எவ்வளவு நூல் விடுவது, எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

இறக்கும்போது அவரை நூல் சுற்றவிடாதீர்கள். வேகமாகச் சுற்றினால் பட்டத்தின் மீது மோதும் காற்றின் வேகம் கூடி, அது இன்னும் பலமாக இழுக்கும். அவர் கண்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க, நீங்கள் கையுறை அணிந்து, நூலைக் கைக்கு அடியில் கொடுத்து, பட்டம் இருக்கும் திசையில் மெதுவாக நடந்து போங்கள். நீங்கள் நடக்க நடக்க நூல் தாழ்ந்து, பட்டம் காற்றோடு மல்லுக்கு நிற்காமல் இறங்கிவரும். அவருடைய விரலிலுள்ள நூலில் முதலில் அதிர்வு அடங்கும், பிறகு கனம் குறையும், விண் ஓசை தாழ்ந்து நிற்கும். பட்டம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்துக் குரல் கொடுக்க நீங்கள் வாயெடுப்பதற்குள், அவர் கண்டை மடியில் வைத்திருப்பார்.